வளர்ப்புக் கிளிக்குக் கடிபொம்மை: செலவைக் குறைத்து, ஆபத்தைத் தவிர்த்துத் தேடிக்கொள்ளும் வழி

கிளி வாங்கும்போது கூண்டு, தீனி, மருத்துவச் செலவு என்று எல்லாவற்றுக்கும் ஒரு தொகையை ஒதுக்குகிறோம். பொம்மைக்கு ஒதுக்குபவர்கள் குறைவு. ஆசையாக வாங்கித் தொங்கவிட்ட பொம்மை ஒரே பிற்பகலில் சில்லுகளாகித் தட்டில் கிடக்கும்போதுதான், இது மாதாமாதம் வரப்போகும் செலவு என்பது புரிகிறது. உடனே மலிவானதைத் தேடத் தொடங்குகிறோம். ஆபத்து நுழைவது அங்கேதான்.

எனக்கு இதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. "இந்தச் சங்கிலி எந்த உலோகம்?" என்ற எளிய கேள்விக்கு ஒரு விற்பனையாளர் ஒரு பதிலும் அடுத்தவர் வேறு பதிலும் சொன்னார்கள், பலர் பதிலே சொல்லவில்லை. பறவை மருத்துவம் தெரிந்தவர்களிடம் கேட்டும், படித்தும், பொம்மைகளைப் பிரித்துப் பார்த்தும் கடைசியில் நான் வந்து சேர்ந்த முடிவு இது: தொங்கவிடும் உலோகப் பாகங்களுக்குத் தாராளமாகச் செலவு செய்யுங்கள், அதை ஒரே முறை செய்யுங்கள். கிளி கடித்துத் தீர்க்கும் மரத்தையும் காகிதத்தையும் முடிந்தவரை நீங்களே சேகரித்துக் கோர்த்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இதைச் சுற்றியவைதான்.

1. எதையும் வாங்கும் முன் கிளி கடிக்கும் விதத்தைக் கவனியுங்கள்

ஒரு வாரம் போதும். கிளியின் முன் ஒரு வெள்ளைத் தாள், ஒரு அட்டைத் துண்டு, ஒரு மெல்லிய மரக்குச்சி ஆகியவற்றை வெவ்வேறு நேரங்களில் வைத்துப் பாருங்கள். கிழிக்கிறதா, பட்டையை உரிக்கிறதா, பிளக்கிறதா, முடிச்சை அவிழ்க்க முயல்கிறதா? முக்கியமாக, கடித்த துண்டைக் கீழே போடுகிறதா அல்லது விழுங்குகிறதா? பெரும்பாலான கிளிகள் கடித்துத் துப்பிவிடும். விழுங்கும் பழக்கம் உள்ள கிளிக்கு இந்தக் கட்டுரையில் சொல்லும் பல பொருள்கள் பொருந்தாது. அதன் பட்டியலை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

சிறிய கிளி இனங்களான பட்ஜிகளும் காக்கடீல்களும் காகிதத்தையும் பால்சா போன்ற மிக மென்மையான மரத்தையும் விரும்பும். லவ்பேர்டுகள் தாளை நீளக் கீற்றுகளாகக் கத்தரிக்கும். அவற்றில் சில இனங்களின் பெண் பறவைகள் அந்தக் கீற்றுகளை வால்பக்க இறகுகளுக்குள் செருகிக்கொள்வதையும் பார்க்கலாம். கோன்யூர், வளையக் கழுத்துக் கிளி போன்றவற்றுக்குப் பைன் மரத்தின் மெல்லிய துண்டுகள் ஏற்றவை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு அவிழ்க்கவும் திருகவும் ஏதாவது வேண்டும். பெரிய கிளிகளான காக்கடூவும் மக்காவும் கனமான மரக்கட்டையையும் பிளந்துவிடும். சிறிய கிளிக்கான பொம்மை அவற்றின் அலகில் நொறுங்கி, அதன் உலோகப் பாகங்கள் வாய்க்குள் போய்விடும். ஆகவே அட்டையில் அழகான படம் இருக்கிறதே என்று பார்க்காமல், எந்த அளவுக் கிளிக்கானது என்று பாருங்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. கிளியின் அலகு வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும், கடிப்பதால் தேயும். ஆனால் அலகு அளவுக்கு மீறி நீண்டால், பொம்மை போதவில்லை என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். கல்லீரல் நோயிலும் அலகு அப்படி வளரும். வீட்டில் அரத்தால் தேய்க்கவும் வேண்டாம். உள்ளே ரத்த நாளம் ஓடுகிறது.

2. உலோகம்: இங்கே மட்டும் சிக்கனம் வேண்டாம்

கொக்கி, சங்கிலி, கம்பி, மணி ஆகிய நான்கும்தான் ஒரு பொம்மையில் மிக ஆபத்தான பாகங்கள். காரணம், கிளிக்கு நஞ்சான துத்தநாகமும் ஈயமும். துருப்பிடிக்காமல் இருக்க இரும்பின்மேல் துத்தநாகம் பூசப்படுகிறது. கிளி அதை நாக்கால் தடவித் தடவி, அலகால் சுரண்டிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக உடலில் சேரும். ஈயம் பழைய பெயின்டிலும், பற்றவைத்த இணைப்புகளிலும், சில மலிவான மணிகளின் நாக்கிலும் இருக்கும்.

வாங்க வேண்டியது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 அல்லது 316 என்று தரம் குறிப்பிட்டிருந்தால் நல்லது. "துருப்பிடிக்காது" என்று மட்டும் எழுதியிருந்தால் அதை ஏற்க வேண்டாம். துத்தநாகம் பூசியதும் கொஞ்ச காலத்துக்குத் துருப்பிடிக்காதுதான். "நிக்கல் பூச்சு" என்றால் பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது, அதையும் தவிர்த்துவிடுங்கள்.

காந்தச் சோதனையைப் பற்றிப் பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. காந்தம் பலமாக ஒட்டிக்கொண்டால் அது பெரும்பாலும் பூச்சுப் பூசிய இரும்பு, அதைத் தள்ளிவிடலாம். ஒட்டவில்லை என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. துத்தநாகமும் ஈயமும் பித்தளையும்கூடக் காந்தத்தில் ஒட்டாது. இந்தச் சோதனை ஒரு பொருளைத் தள்ளிவிட உதவும், ஏற்றுக்கொள்ள உதவாது.

உலோகம் நல்லதாக இருந்தாலும் வடிவம் கெட்டதாக இருக்கலாம். உருண்டையாக, அடியில் பிளவுகளுடன் இருக்கும் சலங்கை மணியில் கால்விரலும் அலகு நுனியும் மாட்டிக்கொள்ளும். வாய் திறந்த மணியாக இருக்கட்டும், அதன் நாக்கைக் கிளியால் பிடுங்க முடியாதபடி இருக்கட்டும். சாவிக்கொத்து வளையம், நாய்ச் சங்கிலியின் சுருள்வில் கொக்கி, பாதுகாப்பு ஊசி எதுவும் வேண்டாம். திருகி மூடும் வகைக் கொக்கிதான் சரி. அதையும் இறுக்கமாக மூடியிருக்கிறீர்களா என்று பாருங்கள், காக்கடூ போன்றவை அதைத் திருகித் திறக்கக் கற்றுக்கொள்ளும்.

நீங்கள் வாங்கிவைக்க வேண்டியவை மிகக் குறைவு: முனை மூடித் திருகும் வசதி உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கோர்ப்புக் கம்பி இரண்டு அல்லது மூன்று, திருகு கொக்கிகள் சில. முதல் செலவு கொஞ்சம் உறைக்கும். ஆனால் இவற்றைப் பல ஆண்டுகள் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம், இதற்குப் பின் ஒவ்வொரு பொம்மைக்கும் ஆகும் செலவு மரமும் காகிதமும் மட்டுமே.

3. கயிறு: கண் முன்னால் மட்டும்

பருத்திக் கயிறு பார்ப்பதற்கு மிருதுவாக, ஆபத்தே இல்லாததாகத் தெரியும். கிளி அதைப் பிரித்து நூல் நூலாக ஆக்கிவிடும். அந்த நூல் விரலைச் சுற்றினால் ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடலாம். விழுங்கினால் தீனிப்பையில் (தொண்டைக்குக் கீழே தீனி தங்கும் பை) பந்தாகச் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரை போகும். நைலான் கயிறும் மீன்பிடி நரம்பும் அறவே கூடாது. அவை அறுவதில்லை, இறுக்கத்தான் செய்யும்.

கயிறு வைத்தே ஆகவேண்டும் என்றால் கிளியின் கழுத்தைச் சுற்ற முடியாத அளவுக்குக் குட்டையாக வெட்டுங்கள். பிரிந்த நுனிகளைத் தினமும் கத்தரியுங்கள். நீங்கள் வெளியே போகும்போது எடுத்துவிடுங்கள். சணலில் பதப்படுத்தும் எண்ணெய் இருக்கக்கூடும், முகர்ந்து பார்த்தால் வாசனை தெரியும். வாசனை வந்தால் வேண்டாம். தோல் வார் பயன்படுத்துவதென்றால் தாவரச் சாறுகளால் பதனிட்ட, சாயமிடாத தோலாக இருக்க வேண்டும். குரோமிய உப்புகளால் பதனிட்டதைக் கிளி மெல்லக்கூடாது.

துணியாலும் பஞ்சு போன்ற இழைகளாலும் கூடாரம்போலச் செய்து விற்கும் தூங்கும் கூடுகளைப் பொம்மை வரிசையிலேயே வைத்திருப்பார்கள். அவற்றை வாங்காமல் இருப்பதே நல்லது. இழையை விழுங்கும் ஆபத்து ஒன்று. இருட்டான மூடிய இடம் கிடைத்தால் கிளிக்கு முட்டையிடும் உந்துதல் கிளம்பும் என்பது மற்றொன்று.

4. மரம்: பாதிப் பணத்தை இங்கே மிச்சப்படுத்தலாம்

கடைப் பொம்மையின் விலையில் பெரும்பங்கு வெட்டியதற்கும், துளையிட்டதற்கும், சாயம் போட்டதற்கும், உறையிட்டதற்கும்தான். மரத்தின் மதிப்பு சொற்பம். ஆகவே இரண்டு வழிகள் உண்டு. துளையிட்ட மரத்துண்டுகளை மட்டும் மொத்தமாக, எடைக்கு விற்பவர்களிடம் வாங்கலாம். அல்லது நீங்களே மரம் தேடலாம்.

தச்சுப் பட்டறைகளில் மிஞ்சும் துண்டுகள் நல்ல மூலம். ஆனால் கேட்டு வாங்குங்கள்: இது எந்த மரம், பூச்சி அரிக்காமல் இருக்க ரசாயனம் ஏற்றியதா, மேலே ஏதாவது பூசியதா? பச்சை நிறம் படிந்த மரம் தெரிந்தால் ஒதுங்குங்கள். அது செம்பு கலந்த மருந்தேற்றிய மரமாக இருக்கும், பழைய வகை மருந்துகளில் ஆர்செனிக்கும் உண்டு. பிளைவுட், எம்.டி.எஃப், துகள்பலகை ஆகியவை பசையால் ஒட்டியவை, அவற்றைக் கொடுக்கவே கூடாது. வார்னிஷ் போட்ட பழைய மேசைக் கால், பெயின்ட் உரிந்த ஜன்னல் சட்டம் இவையும் வேண்டாம்.

சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் வைக்கும் மரத்தட்டுகள் இலவசமாகக் கிடைக்கும். பல நாடுகளுக்கிடையே போய்வரும் தட்டுகளில் முத்திரை குத்தியிருக்கும். ஹெச்.டி. (HT) என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது. அந்த முத்திரைக்கான விதியின்படி மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். ஹெச்.டி. முத்திரை இருந்தாலும் அந்தத் தட்டின்மேல் வழியில் என்ன கொட்டியது என்று யாருக்கும் தெரியாது. புதியவர்கள் இந்த மூலத்தையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

மரக்கிளைகள்தான் கிளிக்கு மிகப் பெரிய மகிழ்ச்சி. பட்டையோடு ஒரு கிளையைக் கொடுத்துப் பாருங்கள், எந்த விலையுயர்ந்த பொம்மையும் அதன் பக்கத்தில் நிற்காது. ஆப்பிள் (விதைகள் இல்லாமல்), வில்லோ, பாப்லர், பிர்ச், மூங்கில், செம்பருத்தி ஆகியவை பரவலாகப் பயன்படுத்தப்படுபவை. அரளி, எருக்கு, ஊமத்தை, யூ, ரோடோடென்ட்ரான், வெண்ணெய்ப்பழ மரம் ஆகியவை நஞ்சு. செர்ரி, பீச் போன்ற கொட்டைப்பழ மரங்களைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. வேறு மரங்கள் இருக்கும்போது அவற்றுக்குப் போக வேண்டியதில்லை. இலையைப் பார்த்து உங்களால் பெயர் சொல்ல முடியாத மரத்தின் கிளை வீட்டுக்குள் வரக்கூடாது.

பூச்சிமருந்து தெளித்த தோட்டத்திலிருந்தும் வாகனப் புகை படியும் சாலையோரத்திலிருந்தும் வெட்டாதீர்கள். கொண்டுவந்த கிளையைச் சோப்பு இல்லாமல் வெந்நீரில் தூரிகையால் நன்றாகத் தேயுங்கள். நல்ல வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள். பூச்சி முட்டைகள் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டால் அடுப்புப் பெட்டியில் (ஓவன்) 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வைக்கலாம். அவ்வளவு நேரமும் பக்கத்திலேயே இருங்கள், மரம் தீப்பிடிக்கும் பொருள்.

இதில் உயிரைப் பறிக்கும் ஒரு பொறி இருக்கிறது. நான்ஸ்டிக் தட்டில் வைத்துச் சூடாக்காதீர்கள். நான்ஸ்டிக் பூச்சான பி.டி.எஃப்.ஈ. (PTFE) அதிகம் சூடானால் வெளிவரும் புகை, மனிதனுக்குத் தெரியாத அளவிலேயே பறவையின் நுரையீரலைச் சிதைத்துச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். சில அடுப்புப் பெட்டிகளின் உட்பகுதியிலும் அந்தப் பூச்சு உண்டு, கையேட்டைப் பாருங்கள். தெரியவில்லை என்றால் வெயிலே போதும்.

ஈரமான கிளை நன்றாக உலர ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். கையிருப்பு தீர்ந்தபின் வெட்டப் போனால் நடுவில் கிளி வெறுங்கூண்டில் இருக்கும். முந்தையது காயும்போதே அடுத்ததை வெட்டுங்கள்.

5. காகிதமும் மற்ற இலவசப் பொருள்களும்

அச்சிடாத வெள்ளைத் தாள், பழுப்புக் காகிதம், நெளிவு அட்டை ஆகியவை போதும். ஒட்டுநாடாவை அது ஒட்டியிருந்த அட்டையோடு சேர்த்து வெட்டி எறியுங்கள், பின்களைப் பிடுங்குங்கள். பளபளப்பான வழவழப்புத் தாள் வேண்டாம். காகிதக் கோப்பைகளின் உட்புறத்தில் பிளாஸ்டிக் படலம் இருக்கும். பயன்படுத்திய முட்டை அட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், இலவசம் என்று எடுக்காதீர்கள்.

பூச்சு இல்லாத ஐஸ் குச்சிகள், சாயமிடாத மரமணிகள், சுத்தம் செய்து காயவைத்த பைன் கூம்புகள், நார் சீவிய கொட்டாங்குச்சித் துண்டுகள் ஆகியவை கோர்ப்பதற்கு நன்றாக இருக்கும்.

ரப்பர் மட்டும் வேண்டாம். நாய்க்குட்டிப் பொம்மை கெட்டியாகத்தான் இருக்கிறது என்று சிலர் கொடுக்கிறார்கள். பெரிய கிளியின் அலகு அதைக் கிள்ளி எடுத்துவிடும், விழுங்கிய துண்டு குடலை அடைக்கும். மெல்லிய பிளாஸ்டிக்கும் உடைந்து கூரான சில்லாகும்.

6. கடையில் வாங்கும்போது கேட்க வேண்டியவை, வாங்கிவைக்க வேண்டிய காகிதங்கள்

குழந்தைகளின் பொம்மைகளுக்கு ஐரோப்பாவில் ஈ.என். 71, அமெரிக்காவில் ஏ.எஸ்.டி.எம். எஃப்963 என்று பாதுகாப்புத் தரங்கள் உண்டு, பாதுகாப்பு விதிகளை நிறைவேற்றுவதும் கட்டாயம். பறவைப் பொம்மைகளுக்கு அப்படிப்பட்ட கட்டாயம் பல இடங்களில் இல்லை. "பறவைகளுக்குப் பாதுகாப்பானது" என்ற வரியை உற்பத்தியாளரே எழுதிக்கொள்ளலாம். குழந்தைகளுக்கான சாயமிட்ட மரக்கட்டைகளை வாங்கிக் கொடுப்பது ஓரளவு நல்ல யோசனைதான், ஆனால் அந்தத் தரங்கள் கட்டையைத் துகளாக்கும் அலகை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. சாயமிடாததையே எடுங்கள்.

விற்பவரிடம் இந்தக் கேள்விகளை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்:

உலோகம் எது, தரம் எது? மரம் எது? சாயம் உணவுக்கு ஏற்றதா, தண்ணீரில் கரைவதா? கயிறு எந்த இழை? தோல் என்றால் எப்படிப் பதனிட்டது?

பதில் வராத பொருளை வாங்காதீர்கள். "எல்லோரும் வாங்குகிறார்கள்" என்பது பதில் ஆகாது. ரசீது, லேபிளின் புகைப்படம், விற்பவரின் எழுத்துப் பதில் ஆகிய மூன்றையும் ஒரு உறையில் வைத்திருங்கள். பணத்தைத் திரும்பப் பெற மட்டுமல்ல, கிளிக்கு உடம்பு கெட்டால் மருத்துவர் முதலில் கேட்பது "என்ன கடித்தது?" என்பதைத்தான்.

பயன்படுத்திய பொம்மைகளை மலிவாகத் தருவார்கள். உலோகக் கம்பியைக்கூட எந்தப் பறவையிடமிருந்து வந்தது என்று தெரியாமல் எடுக்காதீர்கள். மரமும் கயிறும் கூடவே கூடாது. அலகு இறகு நோயை உண்டாக்கும் வைரஸ் பறவையின் உடலுக்கு வெளியே நெடுநாள் தாக்குப்பிடிக்கும், சாதாரணக் கழுவலில் போகாது.

விலையை ஒப்பிடும்போது பொம்மையின் விலையை அது தாக்குப்பிடித்த நாள்களால் வகுத்துப் பாருங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: கிளி தொடாமல் விட்டதால் நீடித்த பொம்மையை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. தூளாவதற்காகத்தான் அதை வாங்குகிறோம்.

7. கோர்ப்பது

கம்பியில் ஒரு மரத்துண்டு, ஒரு மடித்த அட்டை, மீண்டும் மரம் என்று மாற்றி மாற்றிக் கோருங்கள். இறுக்கமாக வேண்டாம், கிளி சுழற்ற இடம் வேண்டும். வளையம் எதுவானாலும் ஒன்று தலை நுழையவே முடியாத அளவு சிறியதாக இருக்க வேண்டும், அல்லது முழு உடலும் தாராளமாக வந்துபோகும் அளவு பெரியதாக இருக்க வேண்டும். இடைப்பட்ட அளவுதான் கழுத்தை மாட்டுகிறது. நடுவில் ஒரு தாளுக்குள் விருப்பமான தீனியைச் சுருட்டி வையுங்கள். காட்டில் கிளி நாளின் பெரும்பகுதியை இரை தேடுவதில் கழிக்கிறது. கிண்ணத்தில் தயாராக இருக்கும் தீனி அந்த வேலையைப் பறித்துவிடுகிறது. வேலையில்லாத கிளிகள் தங்கள் இறகையே பிடுங்கத் தொடங்கும்.

8. அறிமுகப்படுத்தும் காலம்

புதிய பொம்மையை நேராகக் கூண்டுக்குள் தொங்கவிட்டால் சில கிளிகள் அலறும், கம்பியில் மோதும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகள் இதில் மிகவும் பயந்த சுபாவம். முதலில் அறையில் தூரமாக வையுங்கள். நீங்களே கையில் எடுத்து விளையாடுங்கள், கிளி பார்க்கட்டும். சில நாள்கள் கழித்துக் கூண்டுக்கு வெளியே பக்கத்தில், அதன்பின் உள்ளே, ஆனால் தூங்கும் கொம்பிலிருந்து தள்ளி. சில கிளிகளுக்கு ஒரு நாள் போதும், சிலவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். அவசரப்படுத்தாதீர்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்றுக்குமேல் உள்ளே வேண்டாம், சிறகு விரிக்க இடம் வேண்டும். மீதியைப் பெட்டியில் வைத்து வாரம் ஒருமுறை மாற்றுங்கள். மாற்றி வைத்த பழைய பொம்மையையும் கிளி புதியதாகவே பார்க்கிறது, இதுவும் செலவைக் குறைக்கும் வழி.

9. தினசரிச் சோதனையும் அவசர நேரமும்

தண்ணீர் மாற்றும்போதே பொம்மையையும் பாருங்கள்: பிரிந்த நூல், தளர்ந்த கொக்கி, கூரான பிளவு, எச்சம் படிந்த மரம். எச்சம் படிந்த மரத்தைக் கழுவிப் பிழைக்கவைக்க முயலாதீர்கள், எறிந்துவிடுங்கள். கம்பியைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்து அடுத்ததைக் கோருங்கள்.

கிராம் கணக்கில் காட்டும் ஒரு சிறிய தராசு வாங்குங்கள். காலையில் தீனி வைக்கும் முன் கிளியை எடைபோட்டு ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். கிளி தன் நோயை மறைக்கும், எடை மறைக்காது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

சோர்வு, வாந்தி, தண்ணீராகவோ நிறம் மாறியோ போகும் எச்சம், கால்கள் துவளுதல், வலிப்பு ஆகியவை உலோக நஞ்சின் அறிகுறிகளாக இருக்கலாம். தீனிப்பை காலியாகாமல் புடைத்தே இருந்தால் நூலோ வேறு ஏதோ அடைத்திருக்கலாம். இவற்றில் எதைக் கண்டாலும் "நாளை பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். எக்ஸ்ரேயில் உலோகத் துண்டு தெரியலாம், தெரியாமலும் போகலாம், ரத்தப் பரிசோதனைதான் உறுதி செய்யும். உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து உண்டு, சீக்கிரம் போனால் பலன் அதிகம்.

போகும்போது பொம்மையின் மிச்சத் துண்டுகள், அந்த உறையில் உள்ள ரசீதும் லேபிள் படமும், எடை நோட்டு, கடைசியாகப் போட்ட எச்சம் படிந்த தாள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவைகளைப் பார்ப்பதில்லை. பறவைகளைப் பார்க்கும் மருத்துவர் யார், இரவில் யார் இருப்பார் என்பதை முதல் பொம்மையைத் தொங்கவிடும் முன்பே விசாரித்து, தொலைபேசி எண்ணைக் கூண்டின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.